அறுந்தால் ‘ஃபுல்’ காட்டும் முள்: அம்பாசிடர் மார்க் 2 பெட்ரோல் மீட்டருடன் ஐந்து வருடம்

தேவகோட்டையிலிருந்து பங்காளி வீட்டுத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவர்கள் ஐயா ஓட்டிய அம்பாசிடரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாராம். “அண்ணே, பெட்ரோல் மீட்டர் சாமான் எங்க கிடைக்கும்? நீங்கதான் இதுக்கு அலைஞ்சிருக்கீங்க” என்றார். அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 1972 மாடல், மார்க் 2. காரைக்குடி வீட்டில் ஐயா வாங்கி, அப்பச்சி (அப்பா) ஓட்டி, ஐந்து வருடமாக என் கையில் இருக்கிறது. இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் சாமானுக்கெல்லாம் பெரிய கஷ்டம் இல்லை. உத்தரபாரா ஆலையில் 2014-ல் தயாரிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் சென்னை ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் ஏதாவது ஒரு கடையில் இருக்கும். கல்கத்தா மல்லிக் பஜாரிலிருந்து வரவழைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. என்னை வாட்டியது பெட்ரோல் மீட்டர் ஒன்றுதான்.

வண்டி என்னிடம் வந்தபோதே அந்தக் கோளாறு இருந்தது. டேங்க் நிறைய இருந்தால் சரியாகக் காட்டும். அரை டேங்க்கை நெருங்கும்போது முள் துள்ளி ‘ஃபுல்’லுக்குப் போய் நிற்கும். இன்னும் இரண்டு மூன்று லிட்டர் செலவானதும் பழையபடி கீழே வந்துவிடும். அப்பச்சி இதைச் சரிசெய்யவே இல்லை. ஒரு நோட்டுப் போட்டு, பெட்ரோல் அடிக்கும்போதெல்லாம் கிலோமீட்டரும் லிட்டரும் ரூபாயும் எழுதி வைத்தார். லிட்டருக்கு 9 கிலோமீட்டர், டேங்க் 54 லிட்டர் என்ற கணக்கிலேயே ஓட்டிவிட்டார். அந்த நோட்டு இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை, முள் உண்மை சொல்ல வேண்டும் என்று இறங்கினேன்.

டேங்க்குக்குள் இருக்கும் ஃப்ளோட் யூனிட்தான் போயிருக்கிறது என்றார் மெக்கானிக். அது சரிதான். பித்தளை மிதவை, அதிலிருந்து ஒரு கை, அந்தக் கை உரசிப் போகும் மெல்லிய கம்பிச் சுற்று, உள்ளே இருப்பது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எப்போதும் அரை டேங்க் அளவிலேயே பெட்ரோல் வைத்து ஓட்டியதால் நடுவில் மட்டும் கம்பி தேய்ந்து போயிருந்தது. கடையில் கேட்டேன். “அம்பாசிடர் எல்லாத்துக்கும் ஒரே யூனிட்தான் சார்” என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டினோம். டேங்க்கை நிரப்பினால் முள் காலிப் பக்கம் போய் நின்றது. பெட்ரோல் குறையக் குறைய மேலே ஏறியது.

மாட்டும்போது தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து இரண்டு முறை டேங்க்கை இறக்கி ஏற்றினோம். மூன்றாவது நாள்தான் யூனிட்டின் மின்தடையை அளக்க மல்டிமீட்டரை எடுத்தேன். பழைய யூனிட் காலி நிலையில் 3 ஓம், நிறைந்த நிலையில் 80 ஓம். புதியது காலியில் 240, நிறைந்தால் 20. இரண்டும் நேர் எதிர். எங்கள் மீட்டர் பழைய வகை. அதில் இரண்டு காயில்கள் (கம்பிச் சுருள்கள்), நடுவில் சின்ன இரும்புத் துண்டு, எந்தக் காயில் பலமாக இழுக்கிறதோ அந்தப் பக்கம் முள் போகும். பின்னால் வந்த மீட்டரில் சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது. அதற்கு 10 வோல்ட் ஸ்டெபிலைசரும் தனியாக வேண்டும். ஒன்றின் மீட்டருக்கு இன்னொன்றின் யூனிட் ஒருநாளும் ஒத்துவராது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு ரீடிங்கையும் எழுதிக்கொண்டு போய்க் காட்டிய பிறகும் “உங்க வயரிங்தான் தப்பு” என்று திருப்பி அனுப்பினாரே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம் பழைய வகை யூனிட்டுக்காக ஒரு வருடம் தேடினேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை கடையாக ஏறினேன். பர்மாத் தேக்குத் தூண் கிடைக்கிறது, பெல்ஜியம் கண்ணாடி கிடைக்கிறது, எனாமல் தூக்கு கிடைக்கிறது. பெட்ரோல் டேங்க்குக்குள் கிடந்ததை யார் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்? கடைசியில் கையில் இருந்ததையே சரிசெய்வது என்று முடிவு செய்தேன். மதுரையில் மீட்டர் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சுற்றினார். மிதவையை ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. அதை ஊரிலேயே பற்றவைத்தோம். பெட்ரோல் முழுவதும் வடிந்து, நாள் கணக்கில் காற்றாடக் காய்ந்த பிறகுதான் நெருப்பைக் காட்டவேண்டும். இதில் அவசரமே கூடாது.

அதற்குப் பிறகு அந்த மீட்டர் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று எழுந்து நிற்கும். புதிய வகை மீட்டரில் அது சூடாகி மெதுவாக நகர்ந்து வரவேண்டும். இது அப்படியில்லை. திருமயம் தாண்டி ஒரு வளைவில் திரும்பினால் டேங்க்கில் பெட்ரோல் ஒதுங்குவது முள்ளில் தெரியும். வண்டி பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன மாதம் ஆயாவை (பாட்டியை) கூட்டிக்கொண்டு வைரவன்பட்டி கோவிலுக்குப் போய்த் திரும்பினோம். குன்றக்குடி தாண்டியதும் வண்டி இருமி நின்றது. முள் ‘ஃபுல்’லில் நிற்கிறது. பெட்ரோலாக இருக்காது என்று பம்ப், பிளக், பாயின்ட் எல்லாம் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எண்பது தாண்டிய ஆயா புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் டேங்க் மூடியைத் திறந்து வண்டியைக் குலுக்கினேன். சத்தமே இல்லை. சொட்டுப் பெட்ரோல் இல்லை.

காரணம் சின்னது. டேங்க்குக்கும் பாடிக்கும் நடுவில் துரு ஏறி எர்த் விட்டுப்போயிருக்கிறது. ஒரு முழம் வயர் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் புளியமரத்தடியில் புரிந்த விஷயம் என்னை விடவில்லை. இந்த மீட்டரிலிருந்து டேங்க் வரை எங்கே இணைப்பு அறுந்தாலும் முள் ‘ஃபுல்’லுக்குத்தான் போகும். அரை டேங்க்கில் துள்ளியதும் அதனால்தான். பின்னால் வந்த மீட்டரில் வயர் அறுந்தால் முள் காலிக்கு விழும். ஓட்டுகிறவன் பயந்துபோய்ப் பெட்ரோல் போடுவான், வீடு வந்து சேர்வான். கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் பொய் சொல்லவேண்டும் என்பது ஒரு மீட்டருக்கு ரொம்ப முக்கியம். இதை வடிவமைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே தம்பிக்குச் சொல்வது: பழைய மீட்டருக்காக அலையாதே. மீட்டர், யூனிட், ஸ்டெபிலைசர் மூன்றையும் புதிய வகையில் சேர்த்து மாற்றிவிடு. என் வண்டியில் இப்போதும் பழையதுதான் இருக்கிறது, அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நீ வீட்டில் பெரியவர்களை ஏற்றிப் போகிறவன், உனக்கு அது வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய். மீட்டருக்குப் பின்னால் ‘பி’ (பேட்டரி), ‘டி’ (டேங்க்) என்று இரண்டு முனை இருக்கும். ‘டி’ வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடு. டேங்க் பக்கம் இந்தச் சோதனை வேண்டாம், பொறி பறந்தால் ஆபத்து. முள் ‘ஃபுல்’லுக்குப் போனால் உன்னுடையதும் பழைய வகை, மூன்றையும் மாற்று. காலியிலேயே கிடந்தால் புதிய வகையாக இருக்கலாம். ‘டி’ முனையை ஒரு நொடி மட்டும் எர்த்தில் தொட்டுப் பார், முள் மேலே கிளம்பினால் மீட்டர் நன்றாக இருக்கிறது, யூனிட் மட்டும் போதும். எனக்கு ஒத்துவராத அந்தப் புது யூனிட் துணி சுற்றியபடி கொட்டகை அலமாரியில் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ, காசு வேண்டாம்.