சைகிட்-லேர்னின் ஸ்டேக்கிங்: வேலை சுத்தம், காலத்தொடர் என்றால் கைவிரிப்பு

பல கணிப்பு மாடல்களைச் சேர்த்து ஒரே விடை எடுக்கும் கூட்டு மாடல்களுக்குப் பைத்தான் நிரல்மொழியில் எத்தனையோ நூலகங்கள் வந்துவிட்டன. புள்ளியியல் வகுப்பில் நான் இன்னும் சைகிட்-லேர்னைத்தான் திறக்கிறேன். இலவசம் என்பது ஒரு காரணம். மாணவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ள அது எளிதில் விடுவதில்லை என்பது பெரிய காரணம்.

2019 டிசம்பரில் வந்த 0.22 பதிப்பில் ஸ்டேக்கிங் சேர்ந்தது; பல அடிநிலை மாடல்களின் கணிப்புகளை ஒரு மேல்நிலை மாடல் எடைபோட்டுச் சேர்க்கும் முறை அது. தரவை ஐந்தாகப் பிரித்து, அடிநிலை மாடல்கள் தாம் பார்க்காத பகுதிக்குச் சொன்ன கணிப்புகளை மட்டுமே மேல்நிலை மாடலுக்குப் பாடமாகத் தருகிறது. இதைக் கையால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சித் தரவின் மீதே கணிப்பை எடுத்துவிடுவார்கள். பிறகு, அதை ஏறக்குறைய மனப்பாடம் செய்துவைத்திருக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் கூட்டு) போன்ற மாடலுக்கே எடை முழுவதும் போய்ச் சேரும். இங்கே அந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. அதற்கான விலை நேரம்: ஒவ்வொரு அடிநிலை மாடலும் ஐந்து பிரிவுகளுக்கு ஐந்து முறை, முழுத் தரவில் ஒரு முறை என ஆறு முறை பயிற்சி பெறும்.

இனி என் மனக்குறை: காலத்தொடர், அதாவது நேர வரிசையில் வரும் தரவு. வாஷிங்டன் நகர வாடகை சைக்கிள்களின் 2011, 2012 ஆண்டுகளுக்கான மணிவாரித் தரவை வகுப்பில் அடிக்கடி எடுப்பேன்; 17,379 வரிசைகள். காலவரிசைப்படி பிரிக்கும் டைம் சீரிஸ் ஸ்பிளிட்டை ஸ்டேக்கிங்கிடம் கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கணிப்பு வேண்டும் என்கிறது. காலப்பிரிப்பிலோ முதல் பகுதி சோதனைக்கு வருவதே இல்லை. சரி என்று இயல்பான பிரிப்பிலேயே விட்டால், 2012ஐப் படித்துவிட்டு 2011ஐக் கணிக்கிறது! காலத்தொடர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதே நூலகத்தின் வோட்டிங் ரெக்ரஸர் வெறும் சராசரிதான் எடுக்கும். அதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் முதலில் அதைத்தான் ஓட்டச் சொல்வேன். தொடாமல் வைத்திருந்த கடைசி மாதங்களில் தனி மாடல்களில் சிறந்தது, வெறும் சராசரி, ஸ்டேக்கிங் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டேக்கிங் சராசரியை முந்தாவிட்டால் அதைச் சுமக்க வேண்டிய அவசியம் என்ன?

முந்தைய மரங்களின் பிழையை அடுத்த மரம் திருத்திக்கொண்டே போகும் பூஸ்டிங் வகை மாடல்கள் மூன்றை அடுக்கிவிட்டுப் பலன் இல்லை என்று புலம்புவதும் வேண்டாம். ஒரே வாத்தியாரிடம் படித்த மூவரிடம் யோசனை கேட்பது போன்றது அது. பிழைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று முதலில் கணக்கிடுங்கள். நூலகம் அதைத் தானாகச் சொல்லாது.

மேல்நிலையில் இயல்பாக இருக்கும் ரிட்ஜ் என்ற நேரியல் மாடல் சில நேரம் எதிர்மறை எடை தரும். எதிர்மறை எடைக்கு இடம் தராத நேரியல் மாடலை அங்கே வைத்தால், எந்த மாடலுக்கு எவ்வளவு பங்கு என்பதை மேலதிகாரிக்கு விளக்குவது எளிது.

என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. காலத்தொடருக்கு நான்குதான்.