மின்துறை அமைச்சர்களும் என் போர்வெல் மோட்டாரும்

கரண்ட் இருந்தால் நல்ல அமைச்சர், போனால் கெட்ட அமைச்சர். பாலக்கோடு டீக்கடைகளில் மார்க் போடும் முறை இதுதான். ஆற்காடு வீராசாமி, நத்தம் விசுவநாதன், தங்கமணி, செந்தில் பாலாஜி, தங்கம் தென்னரசு என்று 2006-லிருந்து வரிசையாகப் பார்த்துவிட்டேன். இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை.

மின்வெட்டுக்காக அதிகம் திட்டு வாங்கியவர் ஆற்காட்டார். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமான 600 மெகாவாட், வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டம் ஆகியவற்றின் வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. அவை ஓட ஆரம்பித்ததோ 2013 வாக்கில், நத்தம் விசுவநாதன் நாற்காலியில் இருந்தபோது. அதே 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் மின் லைன் வந்து, தென்னக மின் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது. அது மத்திய அரசு நிறுவனத்தின் வேலை. நட்டவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். அதற்காக ஆற்காட்டாருக்கு முழு மார்க் தரச் சொல்லவில்லை. தேவை ஏறுவது தெரிந்தும் தாமதமாகத்தான் எழுந்தார்கள்.

ஆகவே அமைச்சரின் ஐந்து வருடத்துக்குள் அவர் கையால் நடக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விவசாய இணைப்பு அதில் ஒன்று. வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் இலவச இணைப்புத் திட்டம் தொடங்கியது. செந்தில் பாலாஜியின் காலம். எங்கள் ஏரியாவிலும் நிறையப் பேருக்குக் கிடைத்தது. அதற்கு மார்க் உண்டு, தாராளமாகவே.

ஆனால் இணைப்பு கூடிய வேகத்தில் டிரான்ஸ்பார்மர் கூடவில்லை. நான் லைனின் கடைசியில் இருக்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கி, ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டர் முள் 340-ஐத் தாண்டாது. பட்டனை அமுக்கினால் ஒரு உறுமல், உடனே ட்ரிப். மோட்டாரைக் காப்பாற்ற ட்ரிப் ஆக்குகிற ரிலேயைக் கட்டிவைத்து ஓட்டுகிற ஆட்களும் உண்டு. காயில் கருகினால்தான் புத்தி வரும். ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் தக்காளிப் பூ கொட்டிவிடும். அப்போது கரண்ட் இலவசம் என்பதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

2024-ல் மின்வாரியத்தின் நிறுவனத்தைப் பிரித்து உற்பத்திக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். என் போஸ்ட் மரத்துக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

கட்டண உயர்வுக்கு மட்டும் அமைச்சரைத் தனியாகத் திட்டமாட்டேன். ஒழுங்குமுறை ஆணையம் ஆணை போடுகிறது, அமைச்சர் பேட்டி கொடுத்துத் திட்டு வாங்குகிறார். ஆனால் 2022 செப்டம்பர் உயர்வில் சிறு தொழில்களின் நிலைக்கட்டணம் இரு மடங்குக்கு மேல் போனது. ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மிஷின் ஓடாத மாதத்திலும் கட்ட வேண்டிய காசு அது.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் வந்தது நல்ல மாற்றம். 94987 94987-க்குப் போன் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் எடுக்கிறார், புகார் எண் வருகிறது. முன்பு லைன்மேன் வீட்டுக்கே போய் நிற்க வேண்டியிருந்தது. என்றாலும் பியூஸ் போனதற்கு உதவுவதுபோல டிரான்ஸ்பார்மர் கருகினால் அந்த எண் உதவாது. மாற்று வர வேண்டும். போன தடவை எங்கள் வயல்காரர்கள் டிராக்டர் வாடகையைப் பங்கு போட்டு நாங்களே ஏற்றி வந்தோம்.

மானியக் கோரிக்கை அன்று சட்டசபையில் மெகாவாட் கணக்கு வாசிக்கிறார்கள். கருகிய டிரான்ஸ்பார்மர் எத்தனை நாளில் மாறியது என்று கோட்டம் வாரியாக வாசிக்கட்டும், நான் மார்க் போடுகிறேன்.