கரூர்ப் பருத்தியில் தைத்த திரைச்சீலை: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

போன வாரம் நாத்தனார் தொலைபேசியில், "அண்ணி, பாப்பா ரூமுக்கு நீங்க தைச்ச மாதிரியே ஸ்கிரீன் தைக்கணும், துணி எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்டபோது, அதே திரைச்சீலை அடிமடிப்பு பிரிக்கப்பட்டு என் மடியில் கிடந்தது. இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

மேற்குப் பார்த்த அறை. மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. பகல் இரண்டு மணிக்கு வெயில் நேராகக் கட்டிலில் விழும் என்பதால் மதியத் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டாது. கரூரில் எடுத்த கடுகு நிறப் பருத்தித் துணிக்குப் பின்னால் வெளிச்சத்தை மறைக்கும் பாலியெஸ்டர் உள்துணி (பிளாக்அவுட் லைனிங்) வைத்து, 48 அங்குல அகலத்தில் இரண்டு திரைகள், உயரம் 60 அங்குலம் என்று தைத்தேன். நான்கடி ஜன்னலுக்கு இரண்டு மடங்கு அகலம் கிடைத்ததால் கொசுவம் நன்றாக விழுந்தது. தைத்து மாட்டிய முதல் நாளே அவன் ஒன்றரை மணி நேரம் தூங்கினான் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

குறை முதல் சலவையில் தொடங்கியது. "கஞ்சி போனாப் போவும், துணி சுருங்காதுங்க" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதை நம்பி, துணியை நனைக்காமலே வெட்டிவிட்டேன். தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டே நெய்யப்படுகிறது. தண்ணீரில் கஞ்சி கரைந்ததும் அந்த நூல் தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புவதால், துணி அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். திரைக்கு நீளம் பாவின் போக்கிலேயே வருகிறது. 60 அங்குலம் இருந்த பருத்தி 57½ ஆனது, பாலியெஸ்டர் அசையவில்லை. புடவைக்குக் கீழே உள்பாவாடை தெரிவதுபோல் வெள்ளை லைனிங் கீழே தொங்கியது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்த பக்கவாட்டு ஓரங்கள் சுருக்கம் விழுந்து முறுக்கிக்கொண்டன.

லைனிங்கைக் குறுக்கித் தைக்கலாம் என்று பிரித்தபோதுதான் அடுத்த வேதனை. பருத்தியில் ஊசி போன துளை, ஈரம் பட்டு இஸ்திரி போட்டால் மூடிக்கொள்ளும். பூச்சுள்ள பிளாக்அவுட் துணியில் விழுந்த துளை விழுந்ததுதான். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பழைய தையலின் தடம் வரிசையாக நின்றுவிடுகிறது; மதிய வெயில் அவற்றின் வழியே வரும்போது, மூன்று தடவை நான் செய்த பழுதும் மூன்று ஒளிக்கோடுகளாகத் தெரிகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் போய்ச் சண்டை போடத் தோன்றும். ஆனாலும் நியாயமாகச் சொன்னால், துணியின் மீது எனக்குப் புகார் இல்லை: இரண்டு கோடை வெயிலிலும் நிறம் மங்கவில்லை, ஒரு நூல்கூட விலகவில்லை.

திரையைக் கம்பியில் கோக்கும் பிளாஸ்டிக் ஐலெட் வளையங்களை மட்டும் ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன். மகன் திரையைப் பிடித்து இழுத்ததில் ஒன்று இரண்டாகப் பிளந்து விழுந்தது, கூர்மையான பாதி அவன் கையில் இருந்தது. இப்போது துணியிலேயே தைத்த பட்டிகள்தான். திரையை ஒதுக்கிக் கட்டும் கயிறு ஆரம்பம் முதலே வைக்கவில்லை. குழந்தை அறையில் கயிறு தொங்கவே கூடாது என்பதில் நான் உறுதி.

நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி, மீந்த துணியில் கிடைத்தது. 18 அங்குலத் துண்டு ஒன்றை ஓரம் மடித்து அவனிடம் கொடுத்தேன். வாரம் தவறாமல் துவைத்ததில் அது மல்லிகை இதழ்போல் மென்மையாகிவிட்டது. அதன் மடிப்பு ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்தபடிதான் தூங்குவான். தேய்ப்பது நின்றால் தூங்கிவிட்டான் என்று எனக்குத் தெரியும். நேற்று அளந்து பார்த்தேன், 17¼ அங்குலம் இருக்கிறது. இந்தத் துண்டை முதலில் வெட்டி, துவைத்து, அளந்துவிட்டுப் பிறகு திரையை வெட்டியிருந்தால் மூன்று பிரிப்பும் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே நாத்தனாருக்கு என் பதில்: தைக்க வேண்டாம், கடையில் வாங்கிக்கொள். இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது அவளுக்குப் புரியாது. ஆனால் ஊசியும் கையுமாக இரவு பதினோரு மணிக்கு எனக்கு வேறு பதில் வரவில்லை. தைத்தே தீருவேன் என்றால், துணியை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே அளவெடுக்க வேண்டும். லைனிங்கின் அடியைத் தனியாக மடித்து, ஒரு அங்குலம் குட்டையாக விட்டு, பருத்தியோடு மேலே மட்டும் சேர்த்துத் தைக்க வேண்டும். இடப்பக்கத் திரையை இன்று அப்படித்தான் மாற்றியிருக்கிறேன், நேராகத் தொங்குகிறது. வலப்பக்கம் இன்னும் பாக்கி. நாளை அவன் மதியம் தூங்கப் போவதற்குள் முடித்து மாட்டிவிட வேண்டும்.