ரேழியில் மோடம், மாடியில் நான்

வைகாசியில் ஒரு கல்யாணம். அதற்காகக் கும்பகோணம் வந்தேன். பத்து நாள்தான் விடுப்பு. மீதி மூன்று வாரமும் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று டொராண்டோ அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். அங்கே காலை ஒன்பது மணி என்றால், கோடையில் இங்கே மாலை ஆறரை. விளக்கேற்றிவிட்டு மாடி ஏறினால் தெரு நாய்களும் அடங்கிய பிறகுதான் இறங்க முடியும். இதற்கெல்லாம் மனதைப் பழக்கிக்கொண்டுதான் வந்தேன். லேப்டாப்பின் வைஃபை செத்துப்போகும் என்று மட்டும் நினைக்கவில்லை.

லேப்டாப்பின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் கார்டின் பெயரே காணோம். லேப்டாப் நிறுவனத்தின் சேவை மையத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். கனடாவில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் கிடையாது, காசு கொடுத்தாலும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அன்றிரவு என்னைக் காப்பாற்றியவன் அண்ணன் மகன். பதினொன்றாம் வகுப்பு முடித்தவன். "அத்தை, பாட்டியின் போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், போதும்" என்றான். ஆண்ட்ராய்டு போன் தான் பிடித்திருக்கும் வைஃபையையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் தரும் என்பது, இத்தனை வருடம் கணினியோடு குப்பை கொட்டிய எனக்குத் தெரியாது. என்னுடைய ஐபோன் மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். ஒரே இடைஞ்சல், அம்மாவுக்கு எட்டு மணிக்குச் சித்தியோடு பேசியாக வேண்டும். அலுவலகக் கூட்டமா, சித்தியா என்றால் எங்கள் வீட்டில் சித்திதான்.

மறுநாள் ஊரிலேயே ஒரு கணினிக் கடைக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். லேப்டாப் என்ன மாடல் என்று கடைக்காரர் அவனைக் கேட்டார். பதில் சொன்னது நான். அடுத்த கேள்வியும் அவனுக்கே போனது. கடைசியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, யூஎஸ்பி துளையில் செருகும் ஒரு வைஃபை டாங்கிளை எடுத்து வைத்து, "எல்லாருக்கும் இதுதான் போகிறது" என்றார். பெட்டியில் வேகம் 150 என்று போட்டிருந்தது. விலை நானூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே ஒரு சின்ன சிடி. என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. விண்டோஸுக்கும் அந்த டாங்கிள் யாரென்று தெரியவில்லை. அதை ஓட்டும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். மறுபடி அம்மாவின் போன்.

ஒருவழியாக ஓடியது, ஆனால் நொண்டியது. அது வைஃபையின் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் ஒற்றை ஆன்டெனாக்காரன். எங்களுடையது பழைய வீடு. ரேழி, கூடம், முற்றம் எல்லாம் உண்டு, சுவர்கள் ஒன்றரை அடி கனம். கேபிள் போட வந்தவர்கள் கம்பி நுழைந்த இடத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள், அதாவது வாசலை ஒட்டிய ரேழியில். நான் உட்காருவது மாடியில், கொல்லைப்புறத்தை ஒட்டிய அறையில். மாலையானால் தெருவில் அத்தனை வீட்டு வைஃபையும் அந்த 2.4இல்தான் முட்டி மோதும். நூறு எம்பி லைனில் எனக்கு வந்தது எட்டு. கூட்டத்தில் என் குரல் மழைக்காலத் தவளை போல இருந்ததாகச் சொன்னார்கள். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது' என்ற பலகையை முகவாயால் காட்டினார். அப்போதும் அவனுக்குத்தான் காட்டினார்.

அடுத்த வாரம் வரவிருந்த தோழி, டொராண்டோவிலேயே ஒன்று வாங்கி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அங்கே 2.4இல் பதினொரு சேனல்களோடு, அதாவது தடங்களோடு, நிறுத்திக்கொள்வார்கள், இங்கே பதின்மூன்று வரை உண்டு. வட அமெரிக்காவுக்கென்று விற்கப்படும் சில கருவிகளின் கண்ணுக்குப் பன்னிரண்டும் பதின்மூன்றும் தெரியவே தெரியாது. எங்கள் மோடமோ அந்த வாரம் பதின்மூன்றில்தான் உட்கார்ந்திருந்தது.

வங்கி வேலையாகச் சென்னை போக வேண்டியிருந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வெயிலில், மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஒரு ஆள் அகலமே உள்ள கடைகள், தலைக்கு மேல் கேபிள் சுருள்கள், வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பைக்குகள். இரண்டு கடைகளில் விலையை மட்டும் சொன்னார்கள். மூன்றாவது கடையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன், பெட்டியையே எடுக்காமல் கேள்வி கேட்டான்.

"மோடம் எங்கே இருக்கிறது அக்கா? நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? லைன் எத்தனை எம்பி?"

சொன்னேன். என்னைப் பார்த்துக் கேட்டதே பாதி மனக்குறையைத் தீர்த்துவிட்டது. பிறகு பெட்டிகளின் மேலிருந்த வேக எண்களை விளக்கினான். 600 என்று போட்டிருப்பது 2.4இல் 150, ஐந்து கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி மேலே ஏற்றிச் சொன்னது. 1300 என்பது 400ம் 867ம். லேப்டாப் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும் என்பதால் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை. அதுவும் காகிதக் கணக்கு. கைக்கு வருவது அதில் பாதி வந்தாலே நல்லது. 1800 போட்ட, அடுத்த தலைமுறையான வைஃபை 6 டாங்கிளை நான் தொட்டபோது, "உங்கள் மோடமே வைஃபை 5தானே, லைனும் நூறு. இதற்கு ஏன் காசு?" என்று கையிலிருந்து வாங்கி வைத்தான்.

அடுத்து அவன் கேட்டதுதான் எனக்குத் தோன்றாத கேள்வி. "வீட்டில் முற்றம் இருக்கிறதா அக்கா?"

இருக்கிறது. மாடி அறையின் ஜன்னலும் முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. "அப்படியானால் மோடத்தை ரேழியிலிருந்து எடுத்து முற்றம் தெரிகிற மாதிரி கூடத்தில் வையுங்கள். ஐந்து கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர்தான் எதிரி. முற்றத்தில் சுவர் கிடையாதே" என்றான். காசில்லாத யோசனையை முதலில் சொல்லிவிட்டுத்தான் சரக்கை எடுத்தான்.

இரண்டு ஆன்டெனாக்களை மடக்கி நிமிர்த்தும் 1300 டாங்கிள், யூஎஸ்பி 3. என் லேப்டாப்பில் அங்கேயே செருகிக் காட்டினான். முதலில் ஒரு சிடி டிரைவ் போலத் தெரிந்தது. டிரைவர் அதற்குள்ளேயே இருந்தது. அண்ணன் மகன் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருக்கிறான் என்றதும், லினக்ஸில் எல்லாச் சிப்பும் ஓடாது, ஒரே மாடல் பெயரில் பதிப்புக்குப் பதிப்பு சிப் மாறும், அவனுக்கு வாங்கும்போது சிப் பெயரைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் என்றான். ஆயிரத்து எண்ணூறு சொல்லி ஆயிரத்து அறுநூற்றைம்பதுக்குக் கொடுத்தான், ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணும் எழுதி. கூடவே ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளுக்கு நூற்றிருபது ரூபாய். அதை மட்டும் தலையில் கட்டிவிட்டானோ என்று ரயிலில் முனகிக்கொண்டே வந்தேன்.

மோடத்தின் பின்னால் சுருட்டிக் கிடந்த கம்பி கூடம் வரைக்கும் எட்டியது. ஊஞ்சலுக்கு மேலே, முற்றத்தைப் பார்த்து மாட்டினோம். மாடியில் எட்டாக இருந்தது அறுபதுக்கு மேல் போயிற்று. ஆனால் வயர்லெஸ் மவுஸ் விக்க ஆரம்பித்தது. யூஎஸ்பி 3 துளை 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இரைச்சல் கிளப்பும்; மவுஸின் ரிசீவர் பேசுவதும் அதே இடத்தில்தான். டாங்கிளை நீட்டிப்புக் கேபிளில் போட்டு ஜன்னல் பக்கம் தள்ளி வைத்ததும் மவுஸ் பழையபடி ஓடியது. ரயிலில் முனகியதை அந்தப் பையனிடம் மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நகம் அளவு டாங்கிளை அண்ணனின் பழைய டெஸ்க்டாப்பில் செருகியிருக்கிறோம். அதில் சிடி டிரைவ் இருக்கிறது. மோடமும் நாலடி தூரத்தில்தான். நன்றாகவே வேலை செய்கிறது. எட்டு மணிக்கு அம்மா இப்போது அதில்தான் சித்தியோடு வீடியோவில் பேசுகிறார்.