காலியான கடற்கரைக்கு எந்த ஊர் வண்டு?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கேப் காடிலிருந்து நியூ ஜெர்சி வரைக்கும், அப்புறம் செசபீக் விரிகுடாவிலும் ஒரு காலத்தில் மண்டிக் கிடந்தது கடற்கரைப் புலி வண்டு. நீளம் அரை அங்குலம். முதுகு மணலைப் போலவே வெளிறியிருக்கும். கரையில் ஆள்கூட்டமும் மணலில் ஓடும் வண்டிகளும் பெருகப் பெருக, இடைப்பட்ட கரைகளில் இந்த வண்டு இல்லாமலே போயிற்று. 1990-இல் அமெரிக்க அரசு இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தபோது தெரிந்திருந்தவை இரண்டு முனைகள்தான்: வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு, தெற்கே செசபீக்.

நடுவில் மறுபடி குடியேற்ற எங்கிருந்து எடுப்பது?

எண்ணிக்கை பார்த்தால் செசபீக்தான். வின்யார்டில் இருப்பதே கொஞ்சம். ஆனால் அங்குள்ள வண்டின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. (தாய்வழியே வரும் மரபுப்பொருள்) செசபீக்கிலிருந்து வேறுபடுகிறது, வடக்கின் குளிரும் அதற்குப் பழக்கம். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகக் காக்க வேண்டும் என்ற வாதம் இதிலிருந்துதான் வந்தது.

இந்த வேறுபாட்டுக்கு வயது என்ன? என்னை மிகவும் பாதித்த கேள்வி இது. ஆய்வாளர்கள் பால் கோல்ட்ஸ்டீனும் ராப் டிசாலும் அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருந்த பழைய வண்டுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இன்று வண்டே இல்லாத கரைகளில் எப்போதோ பிடித்தவை அவை. இரண்டு முனைகளுக்கும் நடுவே இன்று தெரியும் கோடு, இடையிலிருந்த கூட்டங்கள் அழிந்ததால் கூர்மையானது என்று அவை காட்டின. அந்தக் கோட்டைப் போட்டதில் நமக்கும் பங்கு உண்டு.

சரி, நடைமுறையில்? நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக்கில் 1994 முதல் செசபீக் வண்டின் புழுக்களை, அதாவது வண்டாக மாறுவதற்கு முந்தைய இளம் பருவத்தை, விட்டார்கள். முதலில் பெருகின, பிறகு தேய்ந்து மறைந்தன. கேப் காடை ஒட்டிய மோனோமாயில் வின்யார்ட் புழுக்களை விட்டார்கள், அங்கே வேரூன்றிவிட்டன. இதை வைத்து செசபீக் வண்டு சோடை என்று சொல்ல மாட்டேன். இரண்டு கரைகளும் ஒன்றல்ல.

என் கட்சி இது: மாசசூசெட்ஸ் கரைகளுக்கு வின்யார்ட், நியூ ஜெர்சிக்கு மறுபடியும் செசபீக். இந்தப் புழு அலை தொடும் மணலில் செங்குத்தாக வளை தோண்டி, வாயிலைத் தலையால் அடைத்தபடி, இரை வரும் வரை காத்திருக்கும். வண்டாக மாற இரண்டு ஆண்டு வேண்டும். நியூ ஜெர்சிக்காக அப்படி நூற்றுக்கணக்கில் தோண்டிக் கொடுக்க வின்யார்ட் மணலில் கையிருப்பு இல்லை.