ஸ்லோவாக்கிய எஸ்பெராண்டோ கோடை முகாம்: நட்புக்காகப் போகிறவர்களுக்கு

நாலு நாட்டு நண்பர்கள் கிடைக்க வேண்டும், மொழி அதற்கு ஒரு வழி என்று நினைக்கும் இளைஞர்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது எஸ்.இ.எஸ். எனப்படும் கோடை எஸ்பெராண்டோ முகாம். பல நாட்டவரும் பொதுவாகப் பேசுவதற்கென்றே உருவாக்கப்பட்ட மொழி எஸ்பெராண்டோ. இந்த முகாம் 2007 முதல் ஸ்லோவாக்கியாவில் நடந்துவருகிறது. லெர்னு.நெட் என்ற இலவச இணையப் பள்ளியைத் தொடங்கிய இ@ஐ அமைப்புதான் இதையும் நடத்துகிறது. கோடையில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நீளும். ஊர் மாறிக்கொண்டே இருக்கும். மோத்ரா, நித்ரா போன்ற ஊர்களில் நடந்திருக்கிறது.

லண்டனில் ஆங்கிலம் படிக்கப் போனால் மொழிக்குச் சொந்தக்காரர்கள் அந்த ஊரார். வகுப்பு முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எஸ்பெராண்டோவில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. ஸாமென்ஹோஃப் என்பவர் உருவாக்கி 1887இல் வெளியிட்ட இந்த மொழியை வீட்டில் பேசி வளர்ந்தவர்கள் மிகச் சிலரே. எதிரே உட்கார்ந்திருக்கும் போலந்துக்காரரும் பிரேசில்காரரும் உங்களைப் போலவே புத்தகத்தைப் பார்த்துத் திணறிப் படித்தவர்கள். தப்பும் தவறுமாகப் பேசினால் முகம் சுளிக்க மாட்டார்கள், பொறுமையாகக் கேட்பார்கள். நட்பு என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் இந்த முகாமின் பெரிய பலம் இதுதான்.

ஒரு நாளின் போக்கு ஏறக்குறைய இப்படி: காலையில் நிலைவாரியாக வகுப்புகள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் உரைகள், பயிலரங்குகள், ஊர் சுற்றல், இரவில் கச்சேரி, அதன்பின் நள்ளிரவு தாண்டியும் பேச்சு. ஒரு நாள் முழுவதும் வெளியூர்ப் பயணம் உண்டு. வகுப்பில் நட்பு தொடங்கும், ஆனால் வளராது. அங்கே எல்லோரும் ஆசிரியரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். வளர்வது மதிய நடையிலும் வெளியூர்ப் பயணத்திலும். பேருந்திலோ மலைப்பாதையிலோ ஒருவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருக்க நேரும்போது "எந்த நாடு?" என்பதைத் தாண்டிப் பேச்சு போயே ஆக வேண்டும். களைப்பு என்று வெளியூர்ப் பயணத்தைத் தவிர்ப்பவர்கள் முகாமின் பாதிப் பயனை இழக்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. காலை வகுப்பு ஒன்றைத் தூங்கிக் கழித்தாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

எங்கே தடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நாட்டிலிருந்து பத்துப் பேர் வந்தால் சாப்பாட்டு மேசையில் சொந்த மொழிக்குத் தாவிவிடுவார்கள். எஸ்பெராண்டோ வட்டத்தில் இதற்குக் 'க்ரோகோதிலி' என்றே ஒரு வினைச்சொல் உண்டு, பக்கத்தில் இருப்பவர் "நெ க்ரோகோதிலு!" என்று சிரித்தபடி தட்டிக்கேட்பார். நீங்களும் தயங்காமல் கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். தமிழ் நண்பரோடு சேர்ந்து போகிறவர்களுக்கும் இதே ஆபத்து. அறையிலும் மேசையிலும் தனித்தனியாக இருப்பது என்று புறப்படும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை இரவில் வரும். பழகியவர்கள் இரவில் வேகமாகப் பேசுவார்கள். புதியவருக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே பிடி நழுவும். முதல் இரண்டு மூன்று நாள்களில் பலர் அறைக்குத் திரும்பிப் போனை எடுத்துக்கொள்வது இதனால்தான். இதற்கு வழி, கூட்டமான அறையை விட்டுவிட்டு அமைதியான மூலையைத் தேடுவது. பல எஸ்பெராண்டோ கூடல்களில் 'குஃபூயோ' என்றொரு இரவுத் தேநீர் அறை இருக்கும்: மங்கலான வெளிச்சம், தரையில் மெத்தை, மது கிடையாது, உரக்கப் பேசக்கூடாது. இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து மெதுவாகப் பேசலாம். புதியவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

போவதற்கு முன் எவ்வளவு படிக்க வேண்டும்? சுழியத்திலிருந்து தொடங்குபவர்களுக்கும் வகுப்பு உண்டு. ஆனால் நட்புக்காகப் போகிறவர் சுழியத்தோடு போகக்கூடாது; வாரம் முடியும்போதுதான் பேச்சு வரும், அப்போது பெட்டி கட்ட வேண்டியிருக்கும். மூன்று மாதம், தினம் அரை மணி நேரம் லெர்னுவில் செலவிடுங்கள். எழுத்து 28, அடிப்படை இலக்கண விதி 16. இவை சீக்கிரம் வந்துவிடும். யார், எங்கே, எப்போது, அங்கே, எல்லோரும் என்பன போன்ற 45 சொற்கள் ஓர் அட்டவணையாக அமைந்திருக்கின்றன. பேச்சில் ஆள்களைத் திக்கவைப்பது அதுதான், அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி படியுங்கள். கூடவே மூன்று வாக்கியங்கள்: "ப்லி மால்ராபிதே, மி பேதாஸ்" (இன்னும் மெதுவாக, தயவுசெய்து), "கியேல் ஒனி தீராஸ்?" (எப்படிச் சொல்வார்கள்?), "ச்சு மி போவாஸ் ஸிதி ச்சி தீயே?" (இங்கே உட்காரலாமா?). கடைசி வாக்கியம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு புது மேசையைத் திறந்துவிடும்.

தமிழர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இத்தகைய கூடல்களில் பங்கேற்பவர்களே அரை மணி நேரத்தில் தங்கள் மொழியை அறிமுகப்படுத்துவது வழக்கம். இலக்கண விளக்கம் வேண்டாம். வந்தவர்கள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். 'p' ஒலிக்கும் 'b' ஒலிக்கும் தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்துதான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேள்விகள் குறையும். ழகரத்தை எல்லோரையும் சொல்ல வைத்தால் அறை கலகலக்கும். கோலம் போட்டுக் காட்ட நினைப்பவர்கள் ஐந்து புள்ளிக் கோலம் போடுங்கள். வெள்ளைப் பொடியைப் பையில் கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம், அங்கே சாக்பீஸ் வாங்கிக்கொள்ளலாம். தின்பண்டம் கொண்டுபோவதென்றால் முறுக்கும் கடலை மிட்டாயும் சரி. பால்கோவா கூடாது, வெளிநாட்டுப் பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. கடலை மிட்டாயை நீட்டுவதற்கு முன் கடலை ஒவ்வாமை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

உலக இளைஞர் எஸ்பெராண்டோ அமைப்பான தெயோ நடத்தும் ஐ.யோ.கோ. மாநாட்டையும் பலர் கேட்கிறார்கள். 1938இல் நெதர்லாந்தின் க்ரூட் ஊரில் தொடங்கியது; ஆண்டுக்கு ஒரு நாட்டில் நடக்கும். 2012இல் ஹனோயில் நடந்தது. கொண்டாட்டமும் பன்னாட்டுக் கலவையும் அங்கே அதிகம். ஆனால் வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், மொழியிலும் தேர்ந்தவர்கள். முதல் ஆண்டு ஸ்லோவாக்கியா, அடுத்த ஆண்டு இது என்ற வரிசையே நல்லது. ஐரோப்பா போகச் செலவு கட்டுப்படியாகாதவர்கள், ஜப்பான், கொரிய இளைஞர்கள் தொடங்கிப் பின்னர் சீனா, வியட்நாமும் சேர்ந்த 'கொமூனா ஸெமினாரியோ' என்ற கூடலைப் பார்க்கலாம். அளவில் சிறியது, அதனால் யாரும் தனித்து விடப்படுவதில்லை.

செலவும் விசாவும்: இத்தகைய கூடல்களில் கட்டணம் பெரும்பாலும் வயது, நாடு, பதிவு செய்யும் தேதி ஆகியவற்றைப் பொறுத்து மாறும், முந்தினால் குறையும். இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடும் கட்டாயம். நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஜூலை முகாமுக்கு மார்ச் மாதத்திலேயே பதிவை முடித்து, அமைப்பாளர்களிடம் அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள். வியன்னாவில் இறங்குவது வசதி. அங்கிருந்து ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

சாப்பாடு கல்லூரி விடுதிக் கேன்டீன் தரத்தில் இருக்கும். சைவம் என்றால் பதிவுப் படிவத்திலேயே குறியுங்கள், அங்கே போய்ச் சொன்னால் கிடைப்பது கடினம். ஸ்லோவாக்கியர்களின் ஹலுஷ்கி என்ற உணவு, உருளைக்கிழங்கும் ஆட்டுப்பால் சீஸும் சேர்ந்தது. மேலே பன்றிக்கொழுப்பு தூவுவார்கள், வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

தங்குமிடத்தில் தனி அறை எடுக்காதீர்கள். மூன்று நான்கு பேர் தங்கும் அறையைக் கேளுங்கள், குறிப்புப் பகுதியில் 'வேறு நாட்டவரோடு' என்று எழுதுங்கள். முகாம் முடிந்தபின் அந்த அறைத் தோழர்களில் யாராவது பாஸ்போர்தா ஸெர்வோவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். தெயோ நடத்தும் இந்த ஏற்பாட்டில் எஸ்பெராண்டோ பேசுபவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் இலவசமாகத் தங்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு படுக்கை இருந்தால் பெயரைப் பதிந்துவிடுங்கள். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வரும் பயணி தேடி வருவார், அடுத்த கோடை வரை மொழியும் துருப்பிடிக்காது.