மாட் போடுற நம்ம பசங்க கவனிங்க: காரணம் சொல்லாம தூக்கிட்டாங்க, பாயின்ட்ஸையும் முடக்கிட்டாங்க

கேமுக்கு மாட், அதாவது விளையாடுறவங்களே செஞ்சு கேமுல சேக்குற கூடுதல் பொருளுங்க, அத ஒரு தளத்துல போட்டு டவுன்லோடுக்கு காசா மாத்திக்கிற பாயின்ட்ஸ் வாங்குற ஆளுங்க நம்ம சிங்கப்பூர்ல இப்ப நிறைய பேரு, அதுல பாதிப் பேரு பொலில (பாலிடெக்னிக்) படிக்கிற பசங்க, அவங்களுக்குத்தான் முக்கியமா இது. எந்தத் தளம்னு பேரு சொல்லல, என்னோட விவகாரம் இன்னும் முடியல. ஆனா அவங்க பண்ற விதத்தச் சொன்னா போதும், நீங்க எங்க போட்டாலும் எதப் பாக்கணும்னு தெரிஞ்சுரும்.

நான் செஞ்சது ஒரு ஊர் கட்டுற கேமுக்கான பேக். எச்டிபி அடுக்குமாடி புளோக், கீழ வாய்ட் டெக் (தரைத்தளத்துல இருக்கிற திறந்த இடம்), பக்கத்துல காப்பிக்கடை, அப்புறம் லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் இருக்கிற மாதிரி கடைவீடுங்க வரிசையா ஒரு தெரு, தமிழ்ல போர்டு, தீபாவளிக்குப் போடுற லைட் வளைவு, தெரு முனையில அரசமரத்தடில ஒரு சின்ன பிள்ளையார் கோயில். எல்லா மாடலும் பிளென்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல நானே செஞ்சது, சுவர் டெக்ஸ்சர் எல்லாம் நானே போன்ல எடுத்த படம். வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி உக்காந்து செஞ்சேன். நிஜக் கடைப் பேரு ஒண்ணு கூட வைக்கல, டிரேட்மார்க் பிரச்சினை வந்துரக் கூடாதுன்னு எல்லாப் பேரும் கற்பனைதான். நல்லா ஓடுச்சு, ஜப்பான்காரன் ஒருத்தன் அந்த வாய்ட் டெக்க வச்சே ஒரு முழு ஊர் கட்டி படம் அனுப்பினான்.

திடீர்னு ஒரு நாள் பேக் காணோம். வந்த மெயில்ல ஒரே ஒரு வரி, "உங்கள் உள்ளடக்கம் எங்கள் வழிகாட்டுதல்களை மீறுகிறது"ங்கற மாதிரி. எந்த விதி, எந்த ஃபைல், யாராவது புகார் பண்ணாங்களா, இல்ல மெஷினே தூக்குச்சா, ஒண்ணும் கிடையாது. டிக்கெட் போட்டா அதே வரி திரும்ப வருது. விடாம கேட்ட பிறகு ஒரு மனுஷன் எழுதின மாதிரி ஒரு பதில் வந்துச்சு, "நிஜ உலக மதம் சார்ந்த உணர்வுபூர்வமான உள்ளடக்கம்". அதாவது நம்ம பிள்ளையாரு. அதே தளத்துல சர்ச் பேக் எத்தன, ஐரோப்பாவுல இருக்கிற கதீட்ரல் எத்தன, ஜப்பான் கோயில் எத்தன, எல்லாம் ஜம்முனு இருக்கு, மரத்தடில உக்காந்திருந்தவரு மட்டும் என்ன பாவம் பண்ணாரோ.

சரி, விதி என்ன சொல்லுதுன்னு பக்கத்த எடுத்துப் பாத்தேன். நான் அப்லோட் பண்ணப்ப படிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மதத்தையோ இனத்தையோ இழிவுபடுத்தக் கூடாதுன்னு இருந்துச்சு, அது நியாயமான விதி, சிங்கப்பூர்ல வளந்தவனுக்கு அதச் சொல்லித் தர வேண்டியதே இல்ல. இப்ப "இழிவுபடுத்துற"ங்கற சொல்லே இல்ல, மதம் சார்ந்ததுன்னாலே அவங்க எப்ப வேணா எடுக்கலாம்னு ஆக்கி வச்சிருக்காங்க. எப்ப மாத்தினாங்கன்னு பக்கத்துல தேதி இல்ல, எனக்கு மெயிலும் வரல. பழைய இணையப் பக்கங்களச் சேத்து வைக்கிற வேபேக் மெஷின்ல போய்த் தேடினா பழைய பக்கம் அப்படியே கிடைக்குது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அன்னையிலருந்து பதிலே இல்ல.

இதோட போச்சுன்னா கூட நான் இவ்வளவு பெருசா எழுத மாட்டேன். என் கணக்குல சேந்திருந்த பாயின்ட்ஸ் நம்ம காசுக்கு 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல, அக்கவுன்ட் "பரிசீலனையில்" இருக்குன்னு சொல்லி அத எடுக்க விடல. அந்த பாயின்ட்ஸ்ல நிறைய வேற பேக்கால வந்தது, காடி பார்க் பேக், பஸ் ஸ்டாப் பேக்னு, அதுல எந்தச் சாமியும் இல்ல. பரிசீலனை எத்தன நாள்னு எங்கயும் எழுதல, ஆனா பாயின்ட்ஸ் எப்ப காலாவதி ஆகும்னு மட்டும் தெளிவா எழுதி வச்சிருக்காங்க பாருங்க.

அப்புறம்தான் பெரிய கூத்து. கூட விளையாடுற ஒரு தம்பி மெசேஜ் பண்றான், "அண்ணே, உங்க பேக் எடுத்துட்டாங்கன்னீங்க, எனக்கு நேத்து கலெக்‌ஷன்ல வந்துச்சே"ன்னு. பாத்தா, என் பக்கத்த மட்டும்தான் மூடியிருக்காங்க, பல மாட்ஸ ஒண்ணா சேத்துக் கொடுக்கிற கலெக்‌ஷன்ல என் ஃபைல் அப்படியே போய்க்கிட்டிருக்கு, பிள்ளையார் கோயிலோடதான், ஆனா செஞ்சவன் பேரு இருக்க வேண்டிய இடம் காலி. ஆபத்தான உள்ளடக்கம்னா அங்கயும் எடுக்கணும், ஆபத்து இல்லன்னா என் பக்கத்தத் திறக்கணும், ரெண்டும் இல்லாம ஃபைல் அவங்களுக்கு, பழி எனக்குன்னா என்ன கணக்கு இது? விதிமுறையில ஒரு வரி இருக்கு, ஒரு தடவ அப்லோட் பண்ணிட்டா திரும்ப வாங்க முடியாத லைசன்ஸ் அவங்களுக்குன்னு, அதுலதான் நிக்கிறாங்க.

எல்லாத் தளமும் இப்படியான்னு கேட்டா, கடுமையான விதி வேற, மறைச்சு வைக்கிற விதி வேற. 2021 ஜூலைல நெக்சஸ் மாட்ஸ்ங்கற மாட் தளம் இதே கலெக்‌ஷனுக்காகத்தான் இனிமே ஃபைல முழுசா அழிக்க முடியாது, ஆர்க்கைவ், அதாவது மறைச்சு வைக்கிறது மட்டும்தான்னு மாத்தினாங்க, மாடர்ஸ் கொதிச்சாங்க, சில பேரு வெளியவே போனாங்க. ஆனா ஏன் மாத்துறோம்னு எழுதினாங்க, பிடிக்காதவங்க ஆகஸ்ட் 5க்குள்ள கேட்டா மொத்தமா அழிச்சுத் தர்றோம்னு தவணை கொடுத்தாங்க. 2015 ஏப்ரல்ல ஸ்டீம்ங்கற கேம் கடையில ஸ்கைரிம் கேமோட மாட்ஸ காசுக்கு விக்க விட்டப்ப செஞ்சவனுக்கு வெறும் 25 சதவீதம்தான், அநியாயம்தான், ஆனா அந்த 25 எல்லாருக்கும் தெரிஞ்சதாலதான் சண்டையே போட முடிஞ்சுது, சில நாள்லயே திட்டத்த வாபஸ் வாங்கினாங்க. மைன்கிராஃப்ட்லயும் மாட் உன்னோடது, ஆனா காசுக்கு விக்காதேன்னு நேரடியா எழுதியிருக்கு. படிச்சிட்டு இருக்கலாம், போகலாம், அது நம்ம முடிவு.

இங்கருந்து என்ன பண்ண முடியும்னும் பாத்தேன். ஸ்மால் கிளைம்ஸ், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துல 20,000 வெள்ளி வரைக்கும் வழக்கு போடலாம், லாயர் கிடையாது, 5,000 வரைக்கும்னா தனிநபருக்கு 10 வெள்ளிதான் கட்டணம், 2 வருஷத்துக்குள்ள போடணும். ஆனா எதிராளி வெளிநாட்டுல உக்காந்திருக்கான், இங்க ஒரு ஆபீஸ் கூட இல்ல, யாருக்குக் கொண்டு போய் நோட்டீஸ் கொடுக்கிறது? லோக்கல் கம்பெனிக்கோ ஏஜென்சிக்கோ மாட் செஞ்சு கொடுத்து ஏமாந்தவங்க இருந்தா உங்களுக்கு அந்த வழி உண்மையிலயே உதவும், விட்டுராதீங்க. நம்ம 2021 காப்புரிமைச் சட்டத்துல செஞ்சவன் பேரப் போடணும்ங்கற உரிமை இருக்கு, அந்தக் காலி இடத்தப் பத்தி அதச் சொல்லித்தான் இப்ப எழுதியிருக்கேன். ஐரோப்பால இருக்கிறவனுக்கு டிஎஸ்ஏ (டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட்)ன்னு ஒரு சட்டம் இருக்கு, அதோட 17ஆவது பிரிவு, எத எடுத்தாலும் எந்த விதிப்படி எடுத்தோம், மெஷின் எடுத்துச்சா ஆள் எடுத்தாரா, எங்க முறையிடலாம்னு எழுதிக் கொடுக்கணும்னு சொல்லுது. ஜெர்மன்காரனுக்குக் கிடைக்கிற அந்தக் கடிதம் இங்க சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கிற எனக்குக் கிடைக்காது.

அதனால போடுறதுக்கு முன்னாடி விதிப் பக்கத்துல தேதி இருக்கா, பழைய வெர்ஷன் வச்சிருக்காங்களா, எடுத்தா எந்த விதின்னு சொல்றாங்களா, அப்பீல யாரு பாக்கிறாங்க, எத்தன நாள்ல, இதெல்லாம் பாருங்க, இல்லன்னா அந்தத் தளத்துல இலவசமா மட்டும் போடுங்க, காச நம்பாதீங்க. அப்லோட் பண்ற அன்னைக்கே விதிப் பக்கத்த வேபேக் மெஷின்ல சேவ் பண்ணிருங்க, என் கையில இன்னைக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். பிளென்டர் ஃபைலும் எடுத்த படமும் தேதியோட தனியா வச்சுக்குங்க. பாயின்ட்ஸ சேத்து வச்சு மொத்தமா எடுக்கலாம்னு இருக்காதீங்க, எடுக்கிற அளவு வந்த உடனே எடுத்துருங்க.

இதே மாதிரி பேரு இல்லாம உங்க ஃபைல் கலெக்‌ஷன்ல ஓடுறத யாராவது பாத்திருந்தா ஸ்கிரீன்ஷாட்டோட எனக்கு பிஎம் பண்ணுங்க. நாலஞ்சு பேரா சேந்து ஒரே புகாரா அனுப்பலாம்னு இருக்கோம், இந்த மாசக் கடைசிக்குள்ள.